முயற்சி போதவில்லை

என் குரல் கொஞ்சம் பெரிசு. அதற்குத்தான் எனக்குச் சம்பளமே என்று டாக்டர் கிண்டல் செய்வார். துடுப்புப் போடும் பையன்கள் எனக்கு லவுட் ஸ்பீக்கர் என்று பேர் வைத்திருந்தார்கள். முதுகுக்குப் பின்னால்தான். முகத்துக்கு நேரே சொல்ல அவர்களில் எவனுக்கும் தைரியம் கிடையாது, என் தம்பியைத் தவிர.

வேலை அப்படி. பயிற்சி மையத்தின் கீழ்த்தளத்தில் ஒரு பரிசோதனை அறை. ஜன்னலைத் திறந்தால் படகுகளைக் கவிழ்த்து அடுக்கிய கொட்டகை, அதற்கு அப்பால் ஆறு. அறைக்குள் துடுப்பு மெஷின் ஒன்று, மூச்சு மெஷின் ஒன்று, மேஜை, நாற்காலி, பையன்களின் வியர்வை நாற்றம். வருகிறவனை நாற்காலியில் நிமிர்த்தி உட்காரவைத்து, மூக்கில் கிளிப் போட்டு, வாயில் ஒரு குழாயைக் கொடுப்பேன். குழாயின் மறுமுனை அடைத்திருக்கும். நெஞ்சில் இருக்கிற காற்றையெல்லாம் விட்டுவிட்டு, அந்த அடைத்த குழாயை உறிஞ்ச வேண்டும். காற்று வராது. வராத காற்றை அவன் எவ்வளவு பலமாக இழுக்கிறான் என்பதை மெஷின் ஒரு எண்ணாகக் காட்டும். மூச்சு இழுக்கிற தசைகளின் பலம் அதுதான். இப்படி மூன்று தடவை.

இதில் ஒரு சிக்கல். இழுக்கிறவன் மனசு வைத்தால்தான் எண் சரியாக வரும். எந்த மனுஷனும் தன் முழு பலத்தையும் சும்மா கேட்டால் தரமாட்டான். அதனால் பக்கத்தில் நின்று கத்த வேண்டும். "இழு, இழு, இன்னும் இழு, விடாத, விடாதடா எருமை!" என்று தொண்டை கிழியக் கத்துவேன். எண் குறைவாக வந்தால் எங்கள் தொழிலில் முதலில் வருகிற சந்தேகம் ஒன்றே ஒன்றுதான்: பயல் ஏமாற்றுகிறான். ஃபாரத்தில் அதற்கென்றே ஒரு குறிப்புக் கட்டம் உண்டு. 'முயற்சி போதவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவோம்.

அந்த வருஷம் டாக்டர் ஒரு ஆராய்ச்சி ஆரம்பித்திருந்தார். உயிரைக் கொடுத்துத் துடுப்புப் போட்டு முடித்தவனுக்கு ஓய்ந்துபோவது கைகால் மட்டுமில்லை, மூச்சு இழுக்கிற தசையும்தான். கைகாலை நீட்டிப் படுக்கலாம். மூச்சுத் தசைக்கு மட்டும் விடுமுறை ஏது? அதனால், துடுப்பு மெஷினில் இரண்டாயிரம் மீட்டர் முழுவேகத்தில் போட்டு முடித்தவுடன், பத்து நிமிஷம் முகத்தில் மாஸ்க்கைக் கட்டுவோம். அவன் மூச்சு இழுக்கத் தொடங்கும்போதெல்லாம் மூச்சு மெஷின் காற்றைத் தள்ளிக் கொடுக்கும். பாதி வேலையை அது பார்த்துக்கொள்ளும். பிறகு மறுபடி குழாயை உறிஞ்சச் சொல்லி, தசை எவ்வளவு சீக்கிரம் தேறுகிறது என்று பார்ப்பது. மாசம் ஒருமுறை, பன்னிரண்டு பேர். அதில் ஒருவன் என் தம்பி.

நான்கு பேர் படகில் மூன்றாவது இருக்கை அவனுக்கு. ஆளும் அப்படித்தான், கதவளவு முதுகு. எனக்கும் அவனுக்கும் ஒன்பது வயசு வித்தியாசம். அம்மா போனபோது அவன் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். நான்தான் வளர்த்தேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்வேன். வளர்த்தேனோ இல்லையோ, திட்டினேன். அதில் குறை வைக்கவில்லை.

ஆராய்ச்சிக்கு அவன் பேரையும் சேர்த்தபோது டாக்டர் யோசித்தார். "உன் தம்பியாச்சே, நீயே அளக்கறது சரியா வருமா?"

"மத்தவனுக்கு ஒரு சலுகை இருந்தாலும் இருக்கும் டாக்டர். இவனுக்கு அதுவும் கிடையாது" என்றேன்.

பெருமைக்குச் சொன்ன வார்த்தை. ஆனால் அப்படியேதான் நடந்துகொண்டேன். தம்பி என்பதால் கூடப் போட்டுவிட்டாள் என்று எவனும் பேசிவிடக்கூடாது. அந்த ஒரு எண்ணம் எப்போதும் என் தலையில் உட்கார்ந்திருந்தது.

முதல் மாசம் அவனுக்கு நூற்றைம்பதை ஒட்டி வந்தது. பன்னிரண்டு பேரில் அவன்தான் முதல். மாஸ்க்கைக் கட்டினபோது கண்ணை உருட்டிக்கொண்டு யானை மாதிரி தலையை ஆட்டினான். பத்து நிமிஷம் ஆனதும் பிய்த்து எறிந்தான். "வாய்க்குள்ள யாரோ ஊதற மாதிரி இருக்கு, சீ!" என்றான். எல்லோரும் அப்படித்தான் பிய்த்து எறிவார்கள். ஆரோக்கியமான எவனுக்கும் அந்த மாஸ்க் பிடிக்காது.

இரண்டாம் மாசம் நூற்று நாற்பதுக்குப் பக்கம் இறங்கியது. தூக்கம் சரியில்லை என்றான். சரி என்று விட்டுவிட்டேன்.

மூன்றாம் மாசம் நூற்று இருபத்துநாலு. எனக்குச் சுருக்கென்றது. அடுத்த அறையில் அவனோடு படகில் வருகிற, நெட்டை என்று எல்லோரும் கூப்பிடுகிற பையன் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். அதனால் இன்னும் உரக்கக் கத்தினேன்.

"என்னடா இது? சோறு தின்னியா இல்லையா? ஒழுங்கா இழு!"

"இழுத்தேனே."

"இதுவா இழுக்கறது? மறுபடியும் இழு."

மறுபடியும் நூற்று இருபத்துநாலு. மூன்றாவது தடவை நூற்று இருபத்தைந்து. கழுத்து நரம்பெல்லாம் புடைத்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவனுக்கு. நான் பேனாவை எடுத்தேன். தம்பி எட்டிப் பார்த்து என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, அப்படி எழுதாத. நான் நெசமாவே இழுத்தேன்."

"மெஷின் பொய் சொல்லுதா?"

"அது எனக்குத் தெரியாது. நான் சும்மா இருக்கல. வேற என்ன வேணா எழுது, அத மட்டும் எழுதாத."

கையை உதறிவிட்டு எழுதினேன். முயற்சி போதவில்லை. கீழே என் கையெழுத்து. இந்த இடத்தில் வேறு ஒருவன் உட்கார்ந்திருந்தால், டாக்டர் ஒருமுறை பார்த்துவிடட்டும் என்று அனுப்பியிருப்பேன். அதை இன்றைக்குச் சொல்ல எனக்கு வெட்கமாக இல்லை. வெட்கமெல்லாம் எப்போதோ தாண்டிப் போய்விட்டது.

நான்காம் மாசம் நூற்று ஒன்பது, நூற்றுப் பத்து, நூற்று ஒன்பது. மெஷினில் துடுப்புப் போட்டு முடித்ததும் மாஸ்க்கைக் கட்டினேன். பத்து நிமிஷம் ஆனது. கழற்றப் போனால் அவன் இரண்டு கையாலும் மாஸ்க்கை முகத்தோடு சேர்த்து அமுக்கிக்கொண்டான். இன்னும் கொஞ்ச நேரம் என்று விரலைக் காட்டினான். கண்ணை மூடிக்கொண்டு, தோளெல்லாம் தளர்ந்து, குழந்தை பால் குடிக்கிற மாதிரி அந்தக் காற்றை வாங்கிக்கொண்டிருந்தான்.

"சொகுசு கண்டுட்டியா? எழுந்திருடா!" என்று பிடுங்கினேன்.

முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து உட்கார்ந்திருந்தான். தலை நிமிராமலே, "நல்லா இருந்துச்சுக்கா" என்றான். அன்றைக்கும் அதே இரண்டு சொல்லை எழுதினேன். முயற்சி போதவில்லை, இரண்டாம் முறையாக.

படிவங்கள் எல்லாம் கோச்சின் மேஜைக்கும் ஒரு பிரதி போகும். படகின் வேகம் இரண்டு மாசமாகக் குறைந்திருந்தது. யாரால் என்று அவர் தேடிக்கொண்டிருந்தார். என் எழுத்து அவருக்கு வசதியாகப் போயிற்று. துடுப்புக்காரர்களிடையே ஒரு வசவு உண்டு. தான் பலம் போடாமல் மற்றவர்கள் இழுக்க உட்கார்ந்து வருகிறவனைப் பயணி என்பார்கள். அதைவிடக் கேவலமான பேச்சு அவர்களுக்குள் கிடையாது. கொட்டகையில் எல்லோரும் நிற்கும்போது கோச் என் தம்பியைப் பார்த்துச் சொன்னாராம்: "சொந்த அக்காவே எழுதிக் கொடுத்திருக்காங்கப்பா. என் படகுல பயணி வேண்டாம்."

அன்றைக்குச் சாயங்காலம் தம்பி பெண்டாட்டி கோச் வீட்டு வாசலில் போய் நின்றாள். கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிற பெண், கடைக்கு வருகிறவர்களிடம் அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டாள். அன்றைக்குத் தெருவே கூடுகிற மாதிரி கத்தியிருக்கிறாள். விடிய எழுந்து போய் கை கொப்புளத்தோடு வருகிறவனைச் சோம்பேறி என்று சொல்ல உங்களுக்கு நாக்கு எப்படி வந்தது என்று கேட்டாளாம். கோச் கதவைச் சாத்திக்கொண்டார். நேரே என் வீட்டுக்கு வந்தாள்.

"அண்ணி, அத மாத்தி எழுதுங்க."

"எழுதினத மாத்த முடியாதும்மா. எண் அப்படித்தான் வந்துச்சு."

"அவர் பொய் சொல்ற ஆளா? உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியறது வேற, மெஷின்ல வர்றது வேற."

நாற்காலி விளிம்பில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள். போகும்போது, "ராத்திரியில படுக்கவே மாட்டேங்கறார். படுத்தா தூக்கம் வரலையாம். சோஃபாவில சாஞ்சு உக்காந்தே தூங்கறார்" என்றாள்.

"மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டிருக்கான், வேற என்ன? ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்றேன்.

நானே மூச்சு மெஷின்காரி. படுத்தால் மூச்சு முட்டுகிறது, உட்கார்ந்தால் சரியாகிறது என்றால் என்ன அர்த்தம் என்று இருபது வருஷமாக மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவள். என் வீட்டுக் கூடத்தில் என் காதில் அவள் சொன்னாள். எனக்கு உறைக்கவில்லை.

அதற்குப் பிறகு அவன் என்னோடு பேச்சைக் குறைத்துக்கொண்டான். பார்க்கும்போது, அதை மாத்தி எழுதுக்கா என்பான், அவ்வளவுதான்; மாசப் பரிசோதனைக்கு வருவதையும் நிறுத்திவிட்டான். ஆனால் பயிற்சியை விடவில்லை. படகில் இடம் போனாலும் கொட்டகையில் ஒரு பழைய துடுப்பு மெஷின் கிடந்தது. எல்லோரும் போனபிறகு அதில் உட்கார்ந்துகொள்வான். முன்னைவிட இரண்டு மடங்கு. முயற்சி போதவில்லை என்றுதானே சொன்னீர்கள், இந்தா என்று. ஜன்னலில் அவன் முதுகு போய்ப் போய் வருவது எனக்குத் தெரியும். ரோஷம் வந்துவிட்டது, நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டு ஃபைல்களை அடுக்குவேன். அவனைத் திட்டியதற்குப் பலன் கிடைத்துவிட்டதாக எனக்குள் ஒரு திருப்திகூட இருந்தது.

நாலு மாசம் இப்படி ஓடியது. ஒரு மத்தியானம் நெட்டை என் அறைக்கு ஓடி வந்தான். கொட்டகைப் பக்கம் கையைக் காட்டினான். நான் போனபோது தம்பி மெஷினிலிருந்து சரிந்து தரையில் கிடந்தான். உதடு நீலமாக இருந்தது. வயிறு மேலும் கீழும் போகவில்லை. கழுத்துத் தசை மட்டும் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது. அவனைத் தூக்கி உட்காரவைக்கச் சொல்லிக் கத்தினேன், என் அறையிலிருந்த மாஸ்க் மெஷினைக் கொண்டுவரச் சொன்னேன். மாஸ்க்கைக் கட்டியதும் கண்ணைத் திறந்தான். என்னைப் பார்த்தான். "இந்தத் தடவை பிடுங்காதக்கா" என்று சொன்னது மாஸ்க்குக்குள்ளிருந்து கேட்டது.

ஆஸ்பத்திரியில் பத்து நாள். நரம்பு வியாதி என்றார்கள். தசைக்குச் சேதி சொல்லுகிற நரம்புகள் ஒவ்வொன்றாக வாடிப்போகிற வியாதி. பெரும்பாலும் கையிலோ காலிலோ பேச்சிலோதான் தொடங்குமாம். அபூர்வமாகச் சிலருக்கு மூச்சுத் தசையிலிருந்தே தொடங்கும். மருந்து இருக்கிறதா என்று கேட்டேன். தள்ளிப்போடலாம் என்றார்கள். தடுக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை.

எங்கள் டாக்டர் ஆராய்ச்சி ஃபைலை எடுத்துக்கொண்டுவரச் சொன்னார். மேஜையில் விரித்துவைத்து அவர் பார்த்தார், நான் எதிரே நின்றேன்.

"மூணு எண்ணும் ஒண்ணாவே இருக்கே" என்றார் மெதுவாக.

அதற்குமேல் அவர் சொல்ல வேண்டியதில்லை. ஏமாற்றுகிறவனுக்கு மூன்று தடவையும் ஒரே அளவில் ஏமாற்றத் தெரியாது. ஒருமுறை தொண்ணூறு வரும், ஒருமுறை நூற்று முப்பது வரும், சிதறும். எண் குறைந்து, ஆனால் மூன்றும் ஒட்டிக்கொண்டு வந்தால், அதுதான் அவனுடைய முழு பலம். அதற்குமேல் அவனிடம் இல்லை என்று அர்த்தம். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாள் நான் சொல்லிக்கொடுக்கிற பாடம் இது. எந்த எண்ணைப் பார்த்து அவனைச் சோம்பேறி என்று எழுதினேனோ, அவன் உயிரைக் கொடுத்து இழுத்தான் என்பதற்கு அந்த எண்தான் சாட்சி.

"நானும் பார்க்கல. நீ எழுதினத நம்பிட்டேன்" என்றார் டாக்டர்.

"அப்பவே தெரிஞ்சிருந்தா?"

"வியாதி வியாதிதான். பெரிசா எதுவும் மாறியிருக்காது. அப்படி உயிரை விட்டுப் பயிற்சி பண்ணியிருக்க வேண்டாம். மாஸ்க்கை முன்னாடியே குடுத்திருக்கலாம். கொஞ்ச நாள் கூடக் கிடைச்சிருக்கும்."

"எவ்வளவு நாள்?"

"அதெல்லாம் கணக்குப் போடாத" என்றார். ஃபைலை மூடி என்னிடமே கொடுத்துவிட்டார். வீட்டில் யாருக்கும் அவர் சொல்லவில்லை. எப்போது ஆரம்பித்தது என்று தம்பி பெண்டாட்டி கேட்டதற்கு ஆஸ்பத்திரிக்காரர்களும், அதைத் திட்டமாகச் சொல்ல முடியாது என்றுதான் சொன்னார்கள். டாக்டரை விட்டால் சொல்லக்கூடிய ஆள் நான் மட்டும்தான். வாயைத் திறந்தால் மூடத் தெரியாதவள் என்று பேரெடுத்த நான், வாயை மூடிக்கொண்டேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்தோம். சோஃபாவை நகர்த்திவிட்டு ஜன்னலோரம் தலைப்பக்கம் உயர்த்துகிற கட்டில் போட்டோம். பக்கத்தில் சின்ன மேஜை, அதன்மேல் மூச்சு மெஷின். வேலை முடிந்து தினமும் போவேன். மெஷினின் அழுத்தத்தைச் சரிபார்ப்பேன், வடிகட்டியை மாற்றுவேன், மூக்குத்தண்டில் மாஸ்க் அழுத்திப் புண்ணான இடத்தில் பஞ்சு வைப்பேன். முதலில் தூங்கும்போது மட்டும் மாஸ்க். பிறகு சாப்பிட்ட பிறகும். பிறகு சாப்பிடும்போது மட்டும் கழற்றுவது என்றாகிவிட்டது. அந்த முதுகு ஆறே மாசத்தில் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. கதவு கழன்று சட்டம் மட்டும் நின்றது.

அப்போதும் அவன் வாய்க்கொழுப்பு போகவில்லை. ஒரு வாக்கியத்துக்கு மூன்று முறை மெஷின் காற்றுக்குக் காத்திருந்தாவது கிண்டல் செய்துவிடுவான். "லவுட் ஸ்பீக்கர்... ரிப்பேரா... சத்தமே காணோம்" என்பான். நான் சிரிக்கிற மாதிரி வாயைக் கோணிக்கொண்டு குழாயைத் துடைப்பேன். அவள் என் தட்டில் சோறு போட்டு, "நீங்க இல்லாட்டி என்ன பண்ணியிருப்பேன் அண்ணி" என்பாள். அந்தச் சோற்றைத் தட்டிலேயே அளைந்துகொண்டிருப்பேன். சொல்லிவிட வேண்டும், இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று போவேன். நாளைக்கு என்று திரும்பி வருவேன். ஒன்று மட்டும் கவனித்தேன்: அதை மாத்தி எழுதுக்கா என்று முன்பு பார்க்கும்போதெல்லாம் கேட்டவன், ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சொன்னேன். அவள் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். புதுப் படிவம் ஒன்று எழுதிக்கொண்டு போயிருந்தேன். பழைய குறிப்பு தவறு, பரிசோதித்தவரின் பிழை, பரிசோதிக்கப்பட்டவர் மூன்று முறையும் முழு முயற்சி செய்தார் என்று. அதை அவன் கண்ணுக்கு நேரே பிடித்தேன்.

"நான் கண்ணை மூடிக்கிட்டு எழுதிட்டேன்டா. அந்த எண்ணுலயே எல்லாம் இருந்துச்சு. என் தம்பிங்கறதாலயே நான் சரியாப் பார்க்கல. அஞ்சு மாசம் உன்னைச் சாகடிச்சிருக்கேன்." அழக்கூடாது என்றுதான் போயிருந்தேன். அழுதேன்.

அவன் படிவத்தை முழுசாகப் படித்தான். மெஷின் நாலைந்து முறை ஊதியது. பிறகு தலையை இடமும் வலமும் அசைத்தான்.

"நீ எழுதினது... சரிதான்."

"என்னடா சொல்ற?"

"அப்ப நான்... சரியா இழுக்கல. சோம்பலா... இருந்துச்சு. படகே... அலுத்துப் போச்சு. வேணும்னேதான்... கம்மியா இழுத்தேன்." நிறுத்திக் காற்று வாங்கினான். நெற்றி வியர்த்துவிட்டது. "வியாதி... அதுக்கப்புறம்... வந்தது."

என் தம்பிக்குப் பொய் சொல்ல வராது. சின்ன வயசிலிருந்தே, பொய் சொல்லும்போது அவனுக்கு இடது கண் படபடக்கும். அன்றைக்கும் படபடத்தது. ஊர் முழுக்கப் பயணி என்று சொன்னபோது, இல்லை இல்லை என்று தனியாக நின்றவன். அந்த ஒரு பேரை அழிப்பதற்காகத் தன் உடம்பை அந்த மெஷினில் அரைத்தவன். என் குற்றத்தை என்னிடமிருந்து வாங்கிக்கொள்ள, அந்தப் பேரைத் தானே எடுத்துத் தன்மேல் பூசிக்கொண்டான். அதற்கு அவனிடம் மிச்சமிருந்த மூச்சில் எவ்வளவு செலவானது என்று அளக்கத் தெரிந்தவள் நான்தான்.

பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. திரும்பினால் அவள் ஈரக் கையோடு சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கடைசியாகச் சொன்னதைக் கேட்டிருக்கிறாள்.

"நெசமாவா?" என்றாள் அவனிடம்.

அவன் தலையாட்டினான்.

"அப்போ கோச் சொன்னது உண்மைதானா? உங்களுக்காக அவர் வீட்டு வாசல்ல போய்க் கத்தினேனே. தெருவே வேடிக்கை பார்த்துச்சே. ஒரு வார்த்தை என்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதா?"

அவன் அவளைப் பார்த்துச் சிரித்தான், மாட்டிக்கொண்ட பயல் சிரிக்கிற மாதிரி. அவள் முகத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். குழாயைத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது. நான் எழுந்து போய், அவன் சொல்றது பொய் என்று சொல்லியிருக்க வேண்டும். பத்தடி தூரம்தான். அவன் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தான். ஒரு காகிதத்தைப் பிடிக்கக்கூடப் பலமில்லாத கை. நான் நினைத்தால் உருவிக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. அவன் பிடித்துக்கொண்டான், அதனால் போகவில்லை என்று எனக்கே நான் சொல்லிக்கொண்டேன். உண்மை என்ன தெரியுமா? எனக்கு லேசாக இருந்தது. பல மாசம் கழித்து முதல் தடவையாக, எனக்கு நெஞ்சு லேசாக இருந்தது. படிவத்தை நாலாக மடித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

அதற்கப்புறம் பதினோரு நாள் இருந்தான். அந்தப் பதினோரு நாளும் அவள் அவனுக்கு எல்லாம் செய்தாள், ஒன்றும் குறை வைக்கவில்லை. ஆனால் முன்பு மாதிரி அவன் காதோடு குனிந்து எதையாவது சொல்லிச் சிரிக்கவில்லை. ஒரு சின்ன மனத்தாங்கல். நாள் கிடைத்திருந்தால் தானாகவே ஆறியிருக்கும். பன்னிரண்டாம் நாள் காலையில் அவள் தலையணையைச் சரிசெய்யப் போனபோது, மெஷின் ஊதிக்கொண்டிருந்தது, அவன் வாங்கிக்கொள்ளவில்லை.

மறுநாள் வீடு கொள்ளாத கூட்டம். கூடத்தில் நாற்காலி போட்டிருந்தது. தம்பி பெண்டாட்டி சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில், அவள் கையை என் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டிருந்தேன். படகுப் பையன்கள் எல்லோரும் வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். கோச் முன்னால் வந்தார். ஆளே இளைத்துப் போயிருந்தார்.

"என்னால தூங்க முடியலம்மா. அன்னைக்கு அவனை அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அப்பவே உடம்பு சரியில்லாமதான் இருந்திருக்கானோன்னு..." கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். நல்ல பெண். எதிரே வந்து நின்று ஒருவர் அப்படிக் கலங்குவதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

"நீங்க மனசப் போட்டுக் குழப்பிக்காதீங்க சார். அவரே சொல்லிட்டார். அப்ப கொஞ்சம் சோம்பலாத்தான் இருந்தாராம். வேணும்னேதான் கம்மியா இழுத்தாராம். வியாதி அப்புறம் வந்ததுதான். நான்தான் தெரியாம உங்ககிட்ட வந்து கத்திட்டேன்."

கோச் பெருமூச்சு விட்டார். நான் அந்த மூச்சைப் பார்த்தேன். தோள் இறங்கி, நெஞ்சு இறங்கி, முழுசாக வெளியே போனது. பின்னால் நின்ற பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நெட்டை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவன் எப்பவுமே கொஞ்சம் ஜாலிப் பேர்வழிதான்" என்றான். ஒருவன் லேசாகச் சிரித்தான். எல்லோருக்கும் பாரம் இறங்கிவிட்டது. அந்தக் கூடத்தில் அத்தனை பேரும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். விட முடியாதவன் ஒருவன் நடுவில் படுத்திருந்தான், சோம்பேறி என்ற பேரோடு.

"இல்ல" என்றேன்.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் என் குரல்தானே, எல்லோருக்கும் கேட்டது.

"அவன் ஒரு நாளும் சும்மா இழுக்கல. இருக்கறத முழுக்கக் குடுத்துத்தான் இழுத்தான். அப்பவே வியாதி வந்தாச்சு. அது எனக்குத் தெரிஞ்சிருக்கணும், அதுதான் என் வேலை. நான் தப்பா எழுதினேன். நான் அழுதேங்கறதுக்காக அவன் பொய் சொன்னான். நானும் சும்மா இருந்துட்டேன்."

அவள் என் பக்கம் திரும்பி, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பதினோரு நாள் அவர்கூட நான் சரியாப் பேசல அண்ணி" என்றாள்.

பிறகு என் கைகளுக்குள் இருந்த தன் கையை மெதுவாக உருவிக்கொண்டு, எழுந்து அவனிடம் போனாள்.